ஒன்பதாம் நம்பர் சாவி

நாலைந்து நாள் முன்பு நிவேதா போன் செய்ததிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட சமையல் மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டேதான் எழுதுகிறேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்குது? ஒரு பக்கம் உக்காரு சாந்தாமணி" என்று எங்கள் வீட்டுக்காரர் நாலு தடவை சொல்லிவிட்டார். அவருக்கென்ன, ரிட்டையர் ஆன மறுநாளே ஈஸி சேரில் சாய்ந்த மனிதர்.

நிவேதா, நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்த பெண். கெட்டிக்காரி. "மேடம், நம்ம சாயப்பட்டறை லைனுக்குப் புது ஸ்பெக் ரெடிங்க. ஏஐ மெஷினே எழுதிக் குடுத்துருச்சு. அஞ்சு பார்வையும் இருக்குது, நூத்திப் பத்துப் பக்கம். ஒண்ணுக்கொண்ணு எங்கியும் இடிக்கலைன்னு அதுவே செக் பண்ணியும் குடுத்துருச்சு" என்றாள். "திங்கக்கிழமை ஆறாம் சேம்பர்ல ஆளை இறக்கிச் சுத்தம் பண்றாங்க. அதுக்குள்ள நீங்க ஒரு தடவை பாத்து ஓகே சொல்லிட்டா எனக்குத் தைரியமுங்க. அப்படியே உங்க அனுபவத்தையும் நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், புதுசா வர்றவங்களுக்கு ஆகும்."

ஆறாம் சேம்பர் என்றதுமே பேனாவைத் தேடி எடுத்தேன். அனுபவம்தானே வேண்டும்? எழுதுகிறேன்.

திருப்பூரில் கம்ப்யூட்டர் வேலை என்றால் பனியன் கம்பெனிக்குச் சம்பளப் பட்டியல் போடுவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் மாமியார் கடைசிவரை அப்படித்தான் நினைத்தார். நான் செய்த வேலை வேறு. பல இடங்களில் சிதறிக் கிடக்கும் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசி ஒரே காரியத்தைச் செய்ய வேண்டுமென்றால், அதைக் கட்டுவதற்கு முன்பே அது எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். அதைத்தான் ஸ்பெக் என்போம். சாதாரணத் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதினால் ஆளுக்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அதனால் கணக்குக் குறியீடுகள் கொண்ட தனி மொழிகளில் எழுதுவோம். எழுதியதை ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தால், நடக்கக்கூடிய எல்லா நிலைமைகளையும் ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்து, ஓட்டை இருந்தால் காட்டிவிடும்.

கோயம்புத்தூரில் படித்தேன். ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் பாடம் எடுத்தேன், பிடிக்கவில்லை, விட்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. உண்மையில் நான் படித்தது காதர் சாரிடம்.

காதர் சார் வெளிநாட்டில் இதே துறையில் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கீழே அவருடைய அண்ணன் கட்பீஸ் வியாபாரம். மாடியில் எங்கள் அலுவலகம். படியேறும்போதே துணிப் பஞ்சு மூக்கில் ஏறும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பரிசீலனைக்கு உட்கார்ந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். நாம் எழுதியது தப்பு என்று சொல்லமாட்டார். அந்தத் தாளை ஒரு விரலால் நம் பக்கம் ஓர் அங்குலம் தள்ளுவார். அந்த ஓர் அங்குலத்துக்கு நாங்கள் பட்ட பயம் இருக்கிறதே, சத்தம் போடும் மேனேஜர்களிடம் கூட அப்படிப் பயந்ததில்லை.

எதை எழுதினாலும் ஐந்து நிறத் தாளில் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். வெள்ளையில், யாருக்கு என்ன உரிமை, என்ன கடமை. மஞ்சளில், எந்தெந்தத் தகவல் இருக்கிறது, அது எப்படி மாறும். ரோஸில், எந்தப் பகுதி எந்தப் பகுதியிடம் என்ன கேட்கும். பச்சையில், எது எங்கே இருக்கிறது, செய்தி வழியில் தொலைந்தால் என்ன ஆகும். நீலத்தில், என்ன பெட்டி, என்ன கம்பி. ஐந்தும் ஒரே அமைப்பைப் பற்றிய ஐந்து பார்வைகள்.

"ஒரு பனியனை எடுத்துக்கங்க" என்பார். "வாங்கறவர் சைஸைப் பாப்பாரு. கட்டிங் மாஸ்டர் துணியைப் பாப்பாரு. டெய்லர் தையலைப் பாப்பாரு. மூணு பேரு சொல்றதும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கக்கூடாது. இடிக்கலைன்னு நாம நிரூபிக்கணும்."

இன்னொரு சட்டமும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம் போட்டு, அதில் பெயர் எழுத வேண்டும். யாரோ சொன்னதை எழுதினால் ஏற்கமாட்டார். "சொன்னவர் பேரு எனக்கு வேண்டாமுங்க. பார்த்தவர் யாரு?" அவ்வளவுதான், மறுபடி வெயிலில் அலைய வேண்டும். பல்லடம் ரோட்டில் அந்தப் 'பார்த்தவரை'த் தேடி ஸ்கூட்டரில் சுற்றியபோது அவரை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

அப்போது எங்களுக்கு வந்ததுதான் சாயப்பட்டறை வேலை. ஒரே வரிசையில் பதினான்கு பட்டறைகள். எல்லாருடைய சாயத் தண்ணீரும் ஒரே குழாயில் போய், கீழ்க்கோடியில் இருக்கும் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் விழ வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாரும் பம்ப் போட்டால் குழாய் தாங்காது. அதனால் முறை. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பெட்டி, ஒரு மின்னணுச் சாவி. சாவியைப் பெட்டியில் சொருகினால் அது மையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்கும். மையம் சரி என்றால் அந்தப் பெட்டியோடு இணைந்த பம்ப் ஓடும். ஒரு பெட்டி பழுதானால் உடனே இன்னொன்றை மாட்டிக்கொள்ளட்டும் என்று, எந்தப் பெட்டியும் எந்தச் சாவியையும் படிக்கும்படி செய்திருந்தோம். சாவியை வைத்துத்தான் எந்தப் பட்டறை என்று மையத்துக்குத் தெரியும்.

குழாயின் வழியில் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும் குழிகள் உண்டு. அவைதான் சேம்பர். ஆறாம் சேம்பர் ஆறாவது பட்டறைக்கும் ஏழாவதுக்கும் நடுவில். அதில் ஆள் இறங்கினால் மேலே இருக்கும் ஆறு பட்டறைச் சாவிகளையும் மையம் பூட்டிவிடும். ஆறு சிவப்பு விளக்கு எரியும். ஏழு முதல் பதினான்கு வரை கீழே இருப்பவை. அவை பம்ப் போட்டால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. மஞ்சள் தாளில் அந்த ஆளை நாங்கள் எழுதியிருந்தது இப்படி: 'நபர்: உள்ளே அல்லது வெளியே.' நபர் உள்ளே இருக்கும்போது மேலிருந்து தண்ணீர் வராது என்பதை நிரூபித்தோம். லட்சக்கணக்கான நிலைமைகளை நடத்திப் பார்த்த புரோகிராம் ஓட்டை இல்லை என்றது. சார் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

நிரூபணத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஐந்தாம் பட்டறைக்குப் பெட்டி பார்க்கப் போயிருந்தேன். சூப்பர்வைசர் குமரேசன் டீ வரவழைத்தார். அவர் தலைக்குமேல் ஆணியில் இரண்டு சாவிகள் தொங்கின. ஒன்றில் ஐந்து என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ஒன்பது.

"ஏனுங்க, ஒன்பதாம் நம்பர் சாவி இங்க என்னுங்க பண்ணுது?"

குமரேசன் வெட்கப்பட்டுச் சிரித்தார். "அது மாமன் பட்டறைதுங்க மேடம். அவங்களுக்குச் சரக்கு இல்லாத அன்னைக்கு முறை சும்மா போகுதுங்கல்ல. எங்க தொட்டி ரொம்பிப்போச்சுன்னா அவங்க முறையில நாங்க விட்டுக்கறமுங்க. எங்களுக்கு வேண்டாத அன்னைக்கு அவங்க விட்டுக்குவாங்க. தோட்டத்துல தண்ணி முறைய மாத்திக்கறதில்லீங்களா, அந்த மாதிரி."

எனக்கும் சிரிப்பு வந்தது. பொங்கலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நான்கு பங்கு. என் அப்பா தன் முறையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு விட்டுக்கொடுப்பதும், பிறகு கேட்டு வாங்கிக்கொள்வதும் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதினால் வெள்ளைத் தாளில் இருந்த 'சாவி அந்தந்தப் பட்டறையிலேயே இருக்க வேண்டும்' என்ற விதியை மீறியதாகக் குமரேசன் மாட்டுவார். அது ஒரு காரணம். இரண்டு நாளில் நிரூபணம், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குச் சோம்பல். அது இன்னொரு காரணம். ஆனால் பெரிய காரணம், நான் யோசித்தேன், யோசித்துத் தப்புச் செய்தேன். யார் யாருக்கு விட்டுக்கொடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒரு பம்ப்தானே ஓடும், குழாய்க்கு என்ன கேடு என்று நினைத்தேன். கிணற்று மேட்டில் வளர்ந்த புத்தி அப்படித்தான் வேலை செய்தது. கிணற்றுக்குள் அப்போது ஓர் ஆள் நிற்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பூட்டை முதன்முதலாகப் பயன்படுத்திய நாளில் நான் ஆறாம் சேம்பர் பக்கத்தில் நின்றேன். இறங்கப் போனவர் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கயிறு, முகத்தில் மாஸ்க், உள்ளே விஷக்காற்று இல்லை என்று கருவி வைத்துப் பார்த்தாயிற்று. ஆனாலும் தயங்கினார்.

"தண்ணி வந்துராதுல்லாம்மா?"

"வராதுங்க. அந்தப் போர்டைப் பாருங்க. ஆறு விளக்கும் சிவப்பா இருந்தா பயப்படாம இறங்குங்க" என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு! நிரூபித்தவள் நான்தானே.

இறங்கினார். உப்புச் சகதியை வாளி வாளியாக மேலே அனுப்பினார். கால்மணி நேரம் போயிருக்கும். மையத்திலிருந்து போன் வந்தது. "மேடம், ஒன்பது ஸ்டார்ட் ஆயிருச்சுங்க. கீழ இருக்கறதுதான், ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க."

சரி என்று சொல்லிவிட்டு, சும்மா தலையைத் திருப்பி ஒன்பதாம் பட்டறையைப் பார்த்தேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன்கூட இல்லை. காலையில் டீக்கடையில் குமரேசன் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. "மாமன் ஊட்டுல எல்லாருமே காங்கேயத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க மேடம். பட்டறை லீவு."

பூட்டிய பட்டறையில் பம்ப் போட்டது யார்? ஆணியில் தொங்கிய சாவி கண்முன் வந்தது.

"மேல வாங்க! மாடசாமி, மேல வாங்க!"

"ரெண்டு வாளிதாம்மா கெடக்கு, முடிச்சிட்டு..."

"வாங்கன்னா வாங்க! கயித்த இழுங்க! இழுங்கப்பா!" நான் போட்ட கூச்சலில் என் தொண்டை கிழிந்தது. கயிறு பிடித்திருந்த இரண்டு பேரோடு நானும் சேர்ந்து இழுத்தேன். அவர் தலை தரைமட்டத்துக்கு வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. கருநீலத் தண்ணீர். சத்தமே பெரிதாக இல்லை. வாளியைச் சுழற்றிக் கொண்டுபோனது. மாடசாமியின் மாஸ்க் கழன்றது. முகம் முழுகியது, எழுந்தது, மறுபடி முழுகியது. கயிற்றில் என் உள்ளங்கை உரிந்தது எனக்கு அப்போது தெரியவில்லை. மேலே போட்டபோது அவர் வாயிலிருந்து நீலமாக வந்தது.

பிழைத்தார். நான் தலையைத் திருப்பிப் பார்த்ததால் பிழைத்தார். எங்கள் ஐந்து தாளால் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை அவரிடம். உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "லைட்டு செவப்பாத்தானம்மா இருந்துச்சு? செவப்பா இருந்தா எறங்கலாம்னு நீங்கதானம்மா சொன்னிய?"

பழப்பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அவர் அதன்பிறகு எந்தக் குழியிலும் இறங்கவில்லை. இருமல் நிற்கவில்லை என்று ஊருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, அதுதான் நிஜம்.

சார் ஐந்து தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் வரி வரியாகப் பார்த்தார். வெள்ளையோடு மஞ்சள் ஒத்துப்போனது. மஞ்சளோடு ரோஸ் ஒத்துப்போனது. பச்சையும் நீலமும் ஒத்துப்போயின. "எங்கியும் இடிக்கலீங்களே" என்று அவராகவே முனகினார். பட்டறை முதலாளிகளின் கமிட்டி அதற்குள் குமரேசனை வேலையைவிட்டு எடுக்கப் பேச்சை ஆரம்பித்திருந்தது. அவர் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். "மாமனுங்க மேடம். சாவி வெச்சுக்கன்னு குடுத்தா வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? உள்ள ஆளு இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. என் சாவி வேலை செய்யலை, சரி, நம்மள்து ரிப்பேர்னு நெனச்சுத்தான் மாமன்தைப் போட்டனுங்க."

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. மேலே போய்ச் சாரிடம் சொல்லிவிட்டேன். "சார், ரெண்டு சாவியும் அந்த ஆணியில தொங்கறதை நான் பார்த்தேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க."

"எழுதலை?"

"எழுதலைங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே அண்ணன் கடையில் பண்டல் சுற்றும் காக்கித் தாள் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அதில் ஒரே வரி எழுதினார்: 'ஒரு பட்டறையின் சாவி வேறு பட்டறையின் பெட்டியில் இருக்கலாம்.' அதை என்னிடம் கொடுத்து எங்கள் குறியீட்டு மொழியில் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். புரோகிராமை ஓட்டினேன். தம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, நிரூபணம் உடைந்துவிட்டது. எப்படி உடைகிறது என்று ஏழு வரியில் அச்சடித்துக் கொடுத்தது. பூட்டு விழுகிறது. நபர் உள்ளே. ஐந்தின் சாவி மறுக்கப்படுகிறது. ஒன்பதின் சாவி ஐந்தின் பெட்டியில். அனுமதி. பம்ப். ஏழாவது வரி: மேலிருந்து தண்ணீர், நபர் உள்ளே.

அன்று நடந்தது அப்படியே, ஒரு படிகூட மாறாமல் அந்தத் தாளில் இருந்தது. மாடசாமி இறங்கும் முன்பே அது எங்கள் கையில் இருந்திருக்கலாம்.

கமிட்டியில் சார் எழுந்து, "குமரேசன் பண்ணுனது இந்த ஊரு வழக்கம். வழக்கத்தைப் பார்த்தும் எழுதாதது எங்க தப்பு. அந்த ஆளை எடுக்கறதா இருந்தா முதல்ல எங்களை எடுங்க" என்றார். குமரேசனை விட்டுவிட்டார்கள். சாவியைப் பூட்டுவதோடு நிற்காமல், ஆறு பெட்டிகளுக்கும் கரண்டையே அறுக்கும்படி மாற்றினோம். காக்கித் தாள் எங்கள் ஆறாவது தாள் ஆனது. அதில் சார் 'பார்த்தவர்' கட்டம் போட்டு என் பக்கம் ஓர் அங்குலம் தள்ளினார். பேனாவை எடுத்தேன். என் பெயரை எழுத முடியவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே ஃபைலுக்குள் போனது. சார் இப்போது இல்லை.

நிவேதா அனுப்பிய நூற்றுப் பத்துப் பக்கத்தையும் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நாங்கள் எழுதியதைவிடச் சுத்தமாக இருந்தது. புது ஏற்பாட்டில் பெட்டி இல்லை, சாவி இல்லை. முறை வந்தால் சூப்பர்வைசர் போனுக்கு ஓடிபி வரும். அதைப் பம்பில் இருக்கும் பேனலில் அடித்தால் அந்தப் பம்ப் ஓடும். காக்கித் தாளைத் தேடினேன், காணோம். போன் செய்து கேட்டேன்.

"அது ஸ்கேன்ல தெளிவா விழலைங்க மேடம். காக்கிக் கலரு, கையெழுத்து வேற. மத்த அஞ்சையும் மெஷினுக்குக் குடுத்தோம். சாவியே இல்லாதப்போ அது எதுக்குன்னு விட்டுட்டோம்."

நியாயம்தானே? ஆனால் மறுநாள் காலையில் பஸ் ஏறி ஐந்தாம் பட்டறைக்குப் போய்விட்டேன். குமரேசன் இப்போது மேனேஜர். தலை நரைத்து, கண்ணாடி போட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் டீ சொன்னார்.

"குமரேசன், ஓடிபி வருதாமா உங்க போனுக்கு?"

"ட்ரையல் ஓடிட்டிருக்குதுங்க மேடம். வருதுங்க."

"உங்க முறைக்கு மட்டும்தானுங்க வருது?"

அதே வெட்கச் சிரிப்பு. போனை எடுத்து நீட்டினார். வாட்ஸப்பில் ஒரு குரூப். பெயர் 'முறை'. பதினான்கு பட்டறைக்காரர்களும் இருந்தார்கள். யாருக்கு வேண்டாமோ அவர்கள் தங்கள் ஓடிபியை அதில் போட்டிருந்தார்கள். வேண்டியவர் எடுத்துக்கொண்டு, கும்பிடு பொம்மை போட்டிருந்தார். அன்று காலையில்கூட ஒன்று வந்திருந்தது.

"அன்னைக்கு அத்தனை நடந்தும் இப்படியா?" என்று சத்தம் போட்டேன்.

குமரேசன் முகம் வெளுத்துவிட்டது. "பெட்டிக்குத்தான் கரண்டை அறுத்துட்டீங்களே, இனி ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தமுங்க. இப்பப் பெட்டியே இல்லைங்கறது எனக்குத் தோணவே இல்லைங்களே மேடம்."

அங்கேயே, அவர் மேஜையில் நின்றபடி, பண்டல் தாளில் ஒரு துண்டு கிழித்து எழுதினேன்: 'ஒரு பட்டறையின் ஓடிபியை வேறு பட்டறை பயன்படுத்தலாம்.' பக்கத்தில் கட்டம் போட்டேன். 'பார்த்தவர்' என்று எழுதி, அதற்குள் சாந்தாமணி என்று எழுதினேன். எழுதி முடிக்கும்போது கண்ணீர் வந்துவிட்டது. படம் எடுத்து நிவேதாவுக்கு அனுப்பினேன்.

இன்று காலையில் அவள் கூப்பிட்டாள். குரலே மாறியிருந்தது. "மேடம், நீங்க அனுப்புன ஒரு வரியைச் சேத்து ஓட்டுனேன். உடைஞ்சிருச்சுங்க. கடைசி ஸ்டெப்ல நபர் உள்ள இருக்காரு, மேல இருந்து தண்ணி வருது. திங்கக்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லிட்டேனுங்க."

"நல்லது கண்ணு. திங்கக்கிழமை இறங்கறதா இருந்தவர் பேரென்ன?"

பக்கங்களைப் புரட்டும் ஓசை கேட்டது.

"நபர்னுதான் மேடம் போட்டிருக்குது."

"அது எனக்குத் தெரியும். பேரு?"

"கேட்டுச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டாள். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. இன்னும் கூப்பிடவில்லை. நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.